வடக்கே குண்ட, தெற்கே குட்ட

1. வற்றாத குழி

ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தபோது சனிக்கிழமை காலை எட்டு மணி. நான் மெட்டுகுடா வீட்டில் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். சைனிக்புரியைத் தாண்டி டீச்சர் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு மண் டெஸ்ட் செய்து ரிப்போர்ட் கொடுத்தவன் நான். அந்த ரிப்போர்ட்டை நம்பி அஸ்திவாரக் குழிகள் பதினெட்டும் தோண்டியாகிவிட்டன. கம்பி கட்டுகிற வேலையும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கான்கிரீட்.

"அண்ணாச்சி, குழியில தண்ணி வத்தவே மாட்டக்கு. மோட்டார் வச்சு எறைச்சாச்சு. மறுநா பாத்தா அதே அளவு ஊறிக் கெடக்கு. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார்.

டீச்சர் குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. இன்னும் பாளையங்கோட்டைப் பேச்சுதான். நான் ஆம்பூர்க்காரன், என் பேச்சு வேறு.

"ஐப்பசி மழைம்மா. கீழ பாறை, தண்ணி எறங்க வழியில்ல, அதான் நிக்குது. நாலு நாள்ல போயிடும்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. பாறைமேல் நிற்கிற தண்ணீரை இறைத்தால் அதோடு தீர்ந்தது. அது திரும்ப ஊறாது. ஊறுகிறது என்றால் பக்கத்தில் எங்கேயோ தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற மண் இருக்கிறது. என் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு மண் கிடையாது. பாதி தாடியோடு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சருக்கு அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இருநூறு பிள்ளைகள், லோத்குண்டா பக்கம் ஒரு வாடகைக் கட்டிடம். வருகிற ஜூனுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டிடக்காரர். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம் இந்த நிலத்தில் போட்டிருந்தார் டீச்சர். புதுக் கட்டிடம் எழும்பாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். எழும்பி, பிறகு ஒரு பக்கம் இறங்கினால் அதைவிட மோசம்.

2. மண்ணைக் கடித்துப் பார்க்கிறவன்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பதினாறு வயதில் மாமா வீட்டுக்கு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். மண் டெஸ்ட் செய்கிற ஒரு கம்பெனியில் கயிறு இழுக்கிற வேலை கிடைத்தது. மூன்று கால் நட்டு, உச்சியில் உருளை மாட்டி, அறுபத்து மூன்றரை கிலோ சம்மட்டியைக் கயிறு கட்டி இழுத்து, முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விட வேண்டும். அடியில் இருக்கிற ராடு ஓர் அடி நீளம் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறதோ அதற்கு இங்கிலீஷ் 'N' எழுத்தை வைத்து என் வேல்யூ என்று பேர். பத்துத் தடவையில் இறங்கினால் இளகின மண். ஐம்பது அடித்தும் இறங்காவிட்டால் ரெஃப்யூசல். அதாவது, இனிமேல் போக மாட்டேன் என்று பூமி சொல்கிறது.

முதல் நாள் உள்ளங்கை இரண்டும் உரிந்தது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு போனேன். பத்து வருஷத்தில் துளை போடுகிற ரிக் ஓட்டினேன். இருபதாவது வருஷத்தில் சொந்த ரிக். இன்றைக்கு மூன்று ரிக் ஓடுகிறது. இந்த ஊரில் பெரிய பெரிய கட்டிடங்கள் எழுந்த இடத்தில் முதலில் ஓட்டை போட்டவன் நான்தான். எம்.டெக். படித்தவர்கள் சாம்பிளைக் கவரில் போட்டு லேபுக்கு அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருப்பார்கள். நான் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். நறநற என்றால் சில்ட், அதாவது வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. லேப் ரிசல்ட் வந்து நான் சொன்னதைத்தான் சொல்லும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் இந்த ஊர் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹைதராபாத் பாறை வெங்காயம் மாதிரி உரியும். வெயிலும் மழையும் மாறி மாறி வேலை செய்து, தோல் தோலாகக் கழற்றி, நடுவில் உருண்டையை மிச்சம் வைக்கும். அதுதான் நீங்கள் எங்கே பார்த்தாலும் பார்க்கிற உருண்டைப் பாறைகள். உரிந்த தோல் பொடிந்து செம்மண் சரளையாகும். அதை நாங்கள் மொரம் என்போம். மழை அதைக் கழுவிக்கொண்டு கீழே போகும். சரளை வழியிலேயே நின்றுவிடும். மணல் இன்னும் கொஞ்ச தூரம் வரும். மாவு மாதிரி இருப்பது மட்டும் பள்ளத்துக் குளத்தில் போய்ப் படியும். ஆகவே மேட்டில் பாறை, சரிவில் மொரம், பள்ளத்தில் கறுப்புக் களி. பழைய ஆட்கள் இதைப் பார்த்துத்தான் மேட்டில் வீடு கட்டினார்கள், பள்ளத்தில் நெல் போட்டார்கள். அவர்களிடம் ரிக் கிடையாது. கண் இருந்தது.

இப்போது மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஜே.சி.பி. வந்து எல்லாவற்றையும் மேஜை மாதிரி சமமாக்கிவிடுகிறது. அதனால் நான் எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் ரிக்கை இறக்க மாட்டேன். பக்கத்தில் மாடு மேய்க்கிறவர், கள் இறக்குகிறவர் யாராவது இருப்பார். இந்த இடத்துக்கு முன்னால் என்ன பேர் என்று கேட்பேன். நிலத்தை மாற்றினாலும் பேரை மாற்ற யாருக்கும் தோன்றாது. இது நானே கண்டுபிடித்த முறை. எந்தக் காலேஜிலும் கிடையாது.

3. நோட்டுப் புத்தகம்

டீச்சர் நிலத்துக்கும் அப்படித்தான் போனேன். ஒரு ஏக்கர், ஒரே சமதளம், மேலே சிவப்பு மொரம் பரப்பியிருந்தது. தெற்கு வேலி ஓரம் மல்லம்மா என்ற அம்மாள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். தான் நின்ற தெற்குப் பக்கம் காலால் தட்டி, பிறகு வடக்கே கையைக் காட்டி, "இட்டு குட்ட, அட்டு குண்ட" என்றார். இந்தப் பக்கம் குட்ட, அந்தப் பக்கம் குண்ட. லேஅவுட் போட்டவர்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் நிரவிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

தெலுங்கில் குட்ட என்றால் சிறு குன்று. குண்ட என்றால் சின்னக் குளம். லோத்குண்டா பஸ்ஸில் நாற்பது வருஷம் போய் வந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் சரியாகத்தான் புரிந்துகொண்டேன். நோட்டில் எழுதினேன்: வடக்கு குண்ட, தெற்கு குட்ட. எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். நாற்பது வருஷ நோட்டும் தமிழில்தான்.

ரிக் போக மூன்று வாரம் ஆகிவிட்டது. அதற்குள் மூஸி ஆற்றுப் பக்கம் ஒரு பாலத்துக்குப் பெரிய வேலை வந்து, நான் அங்கேயே கிடந்தேன். என்னிடம் இருபது வருஷமாக ரிக் ஓட்டுகிற காஜா போன் செய்து, டீச்சர் சைட்டில் எவ்வளவு ஆழம் போவது என்று கேட்டார். நோட்டைத் திறந்தேன். பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம், எதிரில் பாலத்து இன்ஜினியர் கத்திக்கொண்டிருக்கிறார். என் கையெழுத்தைப் படித்தேன்.

படித்தது தமிழ்க் கண். தெற்கு குட்ட என்பதைக் குட்டை என்று படித்தேன். அதாவது குளம். வடக்கு குண்ட என்பதைக் குண்டு என்று படித்தேன். குண்டுக்கல், அதாவது பாறை மேடு. பேச்சில் தெலுங்குக்காரர்கள் குட்ட என்பதில் முதல் எழுத்தை அடிவயிற்றிலிருந்து அழுத்துவார்கள், காதால் கேட்டால் குழப்பமே வராது. தாளில் அந்த அழுத்தம் இல்லை. இரண்டு சொல்லும் அப்படியே தலைகீழாக நின்றன.

"தெக்கே குளம் இருந்த எடம், ஜாக்ரதையா ஆழம் போ. வடக்கே பாறைதான். ரெஃப்யூசல் வந்தா நிறுத்திட்டு வா" என்றேன்.

மூன்று மாடி வகுப்பறைக் கட்டிடம் வரப்போவது வடக்கே. தெற்கே ஆபீஸும் சமையல் கூடமும் மட்டும். காஜா வடக்கே இரண்டு ஓட்டை போட்டார். ஒன்றில் இரண்டு மீட்டரிலும் இன்னொன்றில் இரண்டரை மீட்டரிலும் ரெஃப்யூசல். நான் சொன்னபடி நிறுத்திவிட்டார். பாறை தட்டினால் வைரம் பதித்த பிட் போட்டு மூன்று மீட்டர் அறுத்து, உருளையாக வருகிற பாறைத் துண்டை, அதாவது கோரை, எடுத்துப் பார்க்க வேண்டும். அது முழுப் பாறையா, நடுவில் மாட்டின உருண்டையா என்று அப்போதுதான் தெரியும். மேடு என்று தெரிந்த இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். தெற்கே குளம் என்று நினைத்த இடத்தில் ஒரு மீட்டரிலேயே பாறை. அறுத்துப் பார்த்தால் உடையாத அழகான கோர். குளத்தில் களியே இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரமில்லை. ரிப்போர்ட் போய்விட்டது.

4. நத்தை ஓடு

சனிக்கிழமை பத்து மணிக்கு சைட்டில் இறங்கினேன். வடகிழக்கு மூலைக் குழியில் இறங்கிப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர். அடியில் ஒரு பாதம் பாறைமேல் நின்றது. இன்னொரு பாதம் புதைந்தது. குனிந்து ஒரு கை மண் எடுத்தேன். கறுப்பு. கழுவினேன். விரலிடுக்கில் நத்தை ஓடு, சட்டை பொத்தான் அளவு, நாலைந்து.

குன்றின்மேல் நத்தைக்கு என்ன வேலை?

மண்ணைப் பல்லில் வைக்கக்கூட இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. குன்றை வெடி வைத்து உடைத்து, அந்தப் பாறைகளைத் தள்ளிக் குளத்தை மூடியிருக்கிறார்கள். காஜா தட்டியது அந்தப் பாறையில். களிமேல் மிதக்கிற பாறை. அதன்மேல் மூன்று மாடி.

காஜாவுக்கு போன் செய்து ரிக்கோடு வரச் சொன்னேன். மத்தியானம் வந்தார். என்னிடம் பழகிய தமிழில் அவர் ஊர் உருதுப் பேச்சைக் கலந்துதான் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் பீடியை அணைத்தார்.

"நக்கோ சாப், வேணாம். கம்முனு இருங்கோ. ரெண்டு மீட்டர்ல ரெஃப்யூசல்னு எழுதினோம். வந்துச்சா இல்லையா? வந்துச்சு. பொய் எழுதலையே நாம. கைக்கு, எதுக்கு போய் நம்ம வாயால சொல்றது?"

"கீழ களி கெடக்குது, காஜா."

"ஹவ், கெடக்குது. இத்தன பாறை கொட்டி இருக்கான், நிக்கும் சாப். இது வெளிய போனா அப்புறம் எந்த இன்ஜினியர் கூப்புடுவான் நம்மள?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பட்டம் இல்லை, லெட்டர்பேடில் பேருக்குப் பின்னால் எழுத்து எதுவும் இல்லை. எனக்கு இருந்தது ஒன்றுதான்: ஆறுமுகம் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேச்சு. அது போனால் மூன்று ரிக்கும் இரும்பு விலைக்குத்தான் போகும். குழி ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி நேரமும் நான் நினைத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு டீச்சர் வந்தார்.

நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். நோட்டைத் திறந்து காட்டினேன். டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"பிள்ளைக மேல விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஒடனே விழாது டீச்சரம்மா. நாலஞ்சு மழை தாங்கும். அப்புறம் ஒரு பக்கம் எறங்கும். செவுரு வெடிக்கும். ஜன்னல் பூட்ட வராது. அதுக்கப்புறம் நான் சொல்ல முடியாது."

"அப்போ விழுந்த மாதிரிதான்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஊருக்கெல்லாம் மண்ணப் படிச்சுச் சொல்லுத ஆளு, தாம் எழுதுன தமிழப் படிக்கத் தெரியலையே அண்ணாச்சி" என்றார்.

அறுபத்தைந்து வயதில் ஒரு வாத்தியாரிடம் வாங்கிய அடி. இன்னும் வலிக்கிறது. ஆனால் அவர் குரலில் கோபத்தைவிட அவசரம்தான் இருந்தது. இப்போ என்ன செய்யணும், எத்தனை நாள், யாரிடம் பேசணும் என்று அடுத்தடுத்துக் கேட்டார். பிழையைத் திருத்துகிற வேலையையே வாழ்நாள் முழுக்கச் செய்தவர். பிழையைப் பார்த்து உட்கார்ந்துவிடவில்லை.

5. சம்மட்டி இல்லாமல் இறங்கிய ராடு

கட்டிடத்துக்கு டிசைன் போட்ட இன்ஜினியர் கிரண், தெலுங்குக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். போனில் சொன்னதும் நம்பவில்லை. இரண்டு ஓட்டையில் ரெஃப்யூசல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நத்தை ஓட்டைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டார். கான்கிரீட் லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபித்தால் நிறுத்துகிறேன் என்றார். நிரூபிக்கிறேன் என்றேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினோம். பழைய ஓட்டைக்கு அரை மீட்டர் தள்ளி ரிக்கை நிறுத்தினோம். ரிக்கை நானே ஓட்டினேன். காஜா பக்கத்தில் நின்று துளைக்குள் தண்ணீர் விட்டார். இரண்டு மீட்டரில் பாறை தட்டியது. நிறுத்தவில்லை. வைர பிட்டைப் போட்டு அறுத்தேன். ஒரு மீட்டர், பாறை. ஒன்றரை மீட்டர், இன்னும் பாறை. கிரண் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முழுப் பாறையாக இருந்துவிட்டால் டீச்சருக்கு நல்லது, நான் முட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன்.

பிறகு பிட் சுற்றுகிற சத்தம் மாறியது. அரைக்கிற சத்தம் போய், பிசைகிற சத்தம். திரும்பி வந்த தண்ணீர் கறுப்பாக வந்தது.

பிட்டை எடுத்துவிட்டு ராடை இறக்கி, தலையில் சம்மட்டியை மெதுவாக உட்காரவைத்தோம். இனிமேல் தூக்கி அடித்து எண்ண வேண்டும். காஜா கயிற்றைப் பிடிப்பதற்குள் ராடு தானாக இறங்கியது. ஒரு அடி கூட அடிக்கவில்லை. சம்மட்டியின் எடையிலேயே முழங்கை நீளம் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

கிரண் கையை அவிழ்த்தார். "என் வேல்யூ?" என்றார்.

"ஜீரோ" என்றேன்.

ஆறு மீட்டர் வரை களி. அதற்குக் கீழே மொரம். எட்டரையில்தான் நிஜமான பாறை. கிரண் அங்கேயே கான்கிரீட்காரருக்கு போன் செய்து ஆர்டரை நிறுத்தினார். டீச்சர் சர்ச் முடிந்து வந்தபோது மூன்று பேரும் குழி ஓரத்தில் படத்தை விரித்து வைத்திருந்தோம்.

வடக்கிலேயே கட்டுவதென்றால் ஒவ்வொரு தூணுக்கும் எட்டரை மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் கால், அதாவது பைல், இறக்க வேண்டும். டீச்சரால் ஆகாது. நான் தெற்கைக் காட்டினேன். அங்கே ஒரு மீட்டரில் பாறை இருக்கிறது, அறுத்த கோர் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தை அங்கே கொண்டுபோய், வடக்கை விளையாட்டு மைதானமாக விட்டுவிடலாம் என்றேன். தெற்கே இடம் குறுகல், வகுப்பறைகளை ஒற்றை வரிசையாக்க வேண்டும், கேட்டிலிருந்து தூரம் என்று கிரண் நாலு தடை சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு நடக்கக் கால் இருக்கிறது என்றார். அதோடு முடிந்தது.

மறுநாளிலிருந்து தெற்கே ஏழு ஓட்டை போட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்று மீட்டர் கோர். என் ரிக், என் டீசல். ஏழு ஓட்டைக்கும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் நின்றேன். மல்லம்மாவை அழைத்து, குட்ட எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று நடந்து காட்டச் சொன்னேன். அவர் நடந்த வழியில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோட்டுக்குள் போட்ட ஏழும் பாறை. சும்மா பார்க்கலாம் என்று கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டரில் எட்டாவதாக ஒன்று போட்டேன். மொரம். அந்த அம்மாளின் கால் அவ்வளவு துல்லியம். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த நல்ல சர்வே அதுதான்.

பாறை மேலேயே இருந்ததால் அஸ்திவாரம் மூன்று வாரத்தில் முடிந்தது. இழந்த நாட்கள் அங்கேதான் திரும்பக் கிடைத்தன. ஜூனில் கீழ்த்தளமும் முதல் தளமும் தயார். மேல் தளம் அடுத்த வருஷம். ஆகஸ்டு மழையில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. மூன்று நாள் விளையாட்டுப் பீரியட் கிடையாது. பள்ளிக்கூடம் நடந்தது.

6. ஒரு சொல்

புது ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. கிரண் எனக்கு நல்லது நினைத்து ஒரு யோசனை சொன்னார். தலைப்பில் ரிவைஸ்டு ரிப்போர்ட் என்று போட்டுவிடுங்கள், கூடுதல் சோதனையின்பேரில் திருத்தப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், யார் எதனால் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

நான் யோசித்தேன். ரிவைஸ்டு என்ற சொல்லைப் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? பழைய ரிப்போர்ட்டும் கொஞ்சம் சரி, புதியது இன்னும் கொஞ்சம் சரி என்று நினைப்பான். பத்து வருஷம் கழித்து அந்த மைதானத்தில் யாராவது ஒரு கட்டிடம் கட்ட நினைத்து, ஃபைலில் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்து, வசதியான பழையதை எடுத்துக்கொண்டால்? ஒரு தெளிவில்லாத சொல் என்ன செய்யும் என்பதை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"தப்புன்னு போடுங்க சார். மொத ரிப்போர்ட் தப்பு. எடம் மாத்திப் படிச்சது ஆறுமுகம்" என்றேன்.

அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு இங்கிலீஷில் அப்படியே அடித்துக் கொடுத்தார். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

காஜா பயந்த மாதிரிதான் நடந்தது. ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு கன்சல்டன்ட்கள் அந்த வருஷத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் மறு வருஷம் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவே இல்லை. கிரண் மட்டும் இன்றுவரை வேறு யாரிடமும் போகவில்லை.

ஆகவே தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பாறை தட்டியதும் சந்தோஷப்படாதீர்கள், மூன்று மீட்டர் உள்ளே போங்கள். குளம் என்று நினைத்த இடத்தில் களி இல்லையென்றால், எத்தனை ஜெனரேட்டர் கத்தினாலும் ஏன் இல்லை என்று நின்று கேளுங்கள். நிலம் செய்தது எதையும் ஜே.சி.பி.யால் அழிக்க முடியாது, மூடத்தான் முடியும். தப்பு செய்தால் தப்பு என்றே எழுதுங்கள். இந்த ஊரில் என்னைவிடப் படித்தவர்கள் எழுதிய ரிப்போர்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். முதல் வரியில் தன் பேரைப் போட்டுத் தன் தப்பை எழுதிய ரிப்போர்ட் என்னுடையது ஒன்றுதான். வேறு ஒன்று யாராவது கொண்டுவந்து காட்டினால், மூன்று ரிக்கையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.